வெளியே விட இடமில்லாத தூசி

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் பட்டப்பகலிலும் முன்பக்கக் கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் இருப்பார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டு முகப்பிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் மரம் அறுக்கிறேன். கணவர் குமார் இந்த ஊர்க்காரர். வாரமெல்லாம் சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைதான் வீடு. என்னுடையது மனைவி விசா. ஒவ்வொரு முறையும் அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நீளும். எனக்கென்று ஒரு வேலை இன்னும் வாய்க்கவில்லை. இந்த மரவேலையும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு இளைப்பு நோய். வெள்ளிதோறும் கூட்டிக் கழுவித் துடைத்து வைப்பேன். ஆனாலும் சனிக்கிழமை அவர் நெஞ்சு விசிலடிக்கும். கண்ணுக்குத் தெரிந்த தூளைத்தான் நான் கூட்டியிருக்கிறேன். தெரியாத மாவுத்தூசி அந்தரத்திலேயே மிதந்திருக்கிறது.

"மரவேல வேணாம்னு சொல்லல லா. ஆனா இப்படியே போனா நான் வீட்டுக்கு வர முடியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தென்காசியில் பாலிடெக்னிக் தச்சுப் பட்டறையில் உதவியாளராக இருந்தபோது தூசியைப் பற்றி யோசித்ததே இல்லை. இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டால் போதும், சாரல் காற்று மொத்தத்தையும் வாரிக்கொண்டு பின்னாலிருந்த பொட்டலுக்குப் போய்விடும். அதே புத்தியோடு இங்கேயும் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து மாட்டினேன். இங்கே வெளிப்பக்கம் என்பது அடுத்த வீடு. அங்கிருக்கும் மலாய்க்கார அம்மாளை மக்சிக் என்று அழைப்போம். அவர் காயப்போட்டிருந்த வெள்ளைத் தொழுகை உடையில் என் தூசி போய்ப் படிந்தது. மறுநாள் அவர் துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு, கம்பி வழியாக ஒரு தட்டுப் பலகாரமும் நீட்டினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

குமார் தலையில் கைவைத்தார். "அலமாக்! மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. கொடிய மாத்துனாங்கல்ல, அதான் பேச்சு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே விசிறியைக் கழற்றினேன். தூசியை உள்ளே விட்டால் கணவருக்கு, வெளியே விட்டால் மக்சிக்குக்கு. நான் எங்கே போவேன்?

தூசி உறிஞ்சும் எந்திரம் வாங்க, பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். அவர் என் சேலையைப் பார்த்துவிட்டு, வீட்டுத்தரை சுத்தம் செய்யும் கருவியை எடுத்து வைத்தார். "இது சுக்கூப் லா, போதும்." விரல்களில் இருந்த காய்ப்பைக் காட்டிய பிறகுதான் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு வகை இருந்தன. பெரிய துணிப்பை எந்திரம் நன்றாக இழுக்கும். ஆனால் நுண்தூசி அந்தத் துணி வழியே திரும்ப வீட்டுக்கே வரும். இன்னொன்று சிறியது. மரச்சுருளைச் சுழற்றி வாளியில் தள்ளிவிட்டு, மிச்சத்தை நுண்வடிகட்டியில் பிடித்துக்கொள்ளும். அதையே எடுத்தேன். அறுக்கும் இடத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக் திரை கட்டச் சொன்னார் கடைக்காரர்.

போன சனிக்கிழமை குமார் வந்தபோது நான் திரைக்குள் முகமூடியோடு இருந்தேன். மறுபக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெஞ்சில் விசில் இல்லை. ஏதோ சொன்னார், எந்திரச் சத்தத்தில் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. இவரோடு இருக்கத்தான் கடல் தாண்டி வந்தேன். ஓடிப்போய் என்னவென்று கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் அறுத்து முடித்தாலும் தூசி அடங்கும்வரை திரையைத் திறக்கக்கூடாது. உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.