தறிக்குழியில் ஒரு நடைபிணம்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் விலங்கியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதால் கொஞ்சம் திமிரும் இருந்தது. அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். செல்லூரில் எங்கள் வீட்டு முன்கட்டிலேயே தறி போட்டு நெய்துகொண்டிருந்தான். அவன் நெய்ததால்தான் நான் படித்தேன். இன்று இதை எத்தனை சத்தமாகச் சொல்கிறேனோ, அன்று அத்தனை கவனமாக மறைத்தேன்.

அண்ணனுக்கு மாத நாவல் பைத்தியம். செத்தவனை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதிக் கதை கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். படித்துவிட்டு என்னை வம்புக்கு இழுப்பான்.

"ஏ புள்ள, நடைபிணம்னு ஒண்ணு நெசத்துல இருக்குமா? ஒங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"செத்தா செத்ததுதேன். அதெல்லாம் எழுதுறவுங்க வயித்துப்பாட்டுக்கு எழுதுறது" என்பேன். சிரித்துக்கொண்டே ஊடைநூல் ஓட்டும் நாடாவை இழுப்பான்.

ஒரு நாள் மத்தியானம் கல்லூரி விட்டு வந்தவளிடம், "நடைபிணத்தைப் பாத்துட்டேன்" என்றான். தறியின் மிதிபலகையில் அறுந்த கயிற்றைக் கட்டக் குழிக்குள் இறங்கினானாம். தறிக்குழி என்பது நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு உட்காரும் இடுப்பளவுப் பள்ளம். உள்ளே குந்தினால் வீட்டுத் தரை கண்ணுக்கு நேராக வந்துவிடும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சிப் பசையைத் தின்ன எங்கள் வீட்டில் கரப்பான்களுக்குப் பஞ்சமே கிடையாது. அப்படி ஒரு கரப்பானைப் பளபளவென்று ஒரு பச்சைக் குளவி கொட்டியதாம். பிறகு அதன் மீசையைக் கவ்வி, மாட்டை மூக்கணாங்கயிறு பிடித்து ஓட்டுவது போல நடத்திக்கொண்டு போய், சுவரோரம் கிடந்த மூங்கில் துண்டுக்குள் நுழைத்து, வாயைக் குப்பையால் அடைத்துவிட்டதாம்.

பாதி காதில் வாங்கினேன், பாதி வாங்கவில்லை. ஆனால் வீட்டில் கண்ட ஓர் உயிரினத்தைப் பற்றி ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லி எங்கள் விலங்கியல் மேடம் கேட்டபோது கை தானாக அதைத்தான் எழுதியது. பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

மேடம் படித்துவிட்டு வகுப்பிலேயே எழுப்பி நிறுத்தினார். "எங்க கொட்டுச்சு? எத்தனை தடவை? கரப்பான் காலை ஊன்றி நடந்துச்சா, இழுபட்டுப் போச்சா?"

"இழுத்துக்கிட்டுத்தான் போச்சு மேடம்" என்று உளறினேன்.

"நடத்திக்கிட்டுப் போச்சுன்னு எழுதியிருக்கே. நீ பாத்தியா, இல்ல கதைப் புத்தகத்துல படிச்சியா?"

வகுப்பே சிரித்தது. தறி நெய்கிற அண்ணன் பார்த்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நான்தான் பார்த்தேன்" என்று சாதித்தேன். சனிக்கிழமை வீட்டுக்கே வருவதாகவும், காட்டாவிட்டால் நோட்டில் கையெழுத்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். கையெழுத்தில்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். மூன்று வருடப் படிப்பு ஒரு கரப்பானின் மீசையில் தொங்கியது.

டீச்சர் வருகிறார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன், பெயர் போட்ட கதையைச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவித் துடைத்து, மூலை முடுக்கெல்லாம் கூட்டி, தறிக்குழிக்குள்ளும் கரண்டி கரண்டியாகச் சாம்பிராணிப் புகை போட்டுவிட்டாள். சனிக்கிழமை காலையில் மருந்துக்குக்கூட ஒரு கரப்பான் இல்லை.

"டீச்சர் வாற நேரத்துல வீட்டுல கரப்பான் ஓடலாமா? மானம் போயிராது?" என்றாள். மானம் போகப்போவது கரப்பான் ஓடாததால்தான் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

அண்ணன் அசரவில்லை. பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து இரண்டு கரப்பான்களைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வந்தான். அவசரமாக நெய்து கொடுக்க வேண்டிய பாவு தறியில் கிடந்தது. தரை அதிர்ந்தால் குளவி வராது என்று தறியை நிறுத்திப்போட்டான். காய்ச்சல் அடித்தாலும் தறியை நிறுத்தாதவன் அவன்.

மேடம் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது ஜன்னல் வழியாகப் பச்சைக் குளவி உள்ளே வந்தது.

"டீச்சர், நாக்காலியில இருந்தா ஒண்ணும் தெரியாது. குழிக்குள்ள எறங்கிருங்க" என்றான் அண்ணன்.

கல்லூரியில் நாங்கள் எதிரே நடக்கவே பயப்படும் அந்த மனுஷி, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் தறிக்குழிக்குள் இறங்கிக் குந்தினார். அதன் பிறகு வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. அண்ணன் புட்டியிலிருந்து விட்ட கரப்பான், குளவி கொட்டிய பிறகு தன் ஆறு காலாலும் நடந்து, குளவி கூட்டிப்போன வழியில் சாதுவாகப் போனது.

"இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இது நாலாவது தடவ. மொத கொட்டு நெஞ்சுல, ரெண்டாவது கழுத்து வழியா மண்டைக்குள்ள. அப்பறம் கரப்பான் அரை மணி நேரம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே நிக்கும். குளவி அதுபாட்டுக்குப் பொந்து பாக்கப் போயிரும். ஓடலாம், ஆனா ஓட மாட்டேங்குது. இம்புட்டையும் இவகிட்டச் சொன்னேனே, எழுதலயா?"

மேடம் குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குழியிலேயே விழுந்து மறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அதில் அவர் இருந்தார்.

அண்ணன் விடவில்லை. "அப்ப நடைபிணம் நெசந்தேன டீச்சர்?"

"செத்தது நடக்காது. இது உயிரோட இருக்கு, தன்னால கிளம்பணும்கிற நெனப்பை மட்டும் குளவி எடுத்துருச்சு. பொந்துக்குள்ள வச்சு இது மேல முட்டை போடும், அதுல வர்ற புழு இதைத் தின்னு வளரும்."

"மனுசனுக்கும் இப்படி ஒண்ணு வருமா?"

"இந்தக் குளவிக்குக் கரப்பானை விட்டா வேற எதையும் நடத்தத் தெரியாது. மனுஷனை நடத்துற குளவி கதையிலதான் இருக்கு."

அண்ணன் முகத்தில் அரைத் தோல்வி, அரை வெற்றி. வாசல்வரை வந்ததும் மேடம் என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் எதிரில் ஒரு வார்த்தை கேட்காதவர், மெதுவாக இவ்வளவுதான் சொன்னார்: "பாத்தவர் பேரை எழுதிட்டு வா. கையெழுத்துப் போடுறேன்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டு எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் அவன் பெயரையும், கைத்தறி நெசவாளர், செல்லூர் என்பதையும் எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது, அவனை நினைத்தல்ல.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்காரே, யாரும்மா இவர்? எந்தக் காலேஜ்?"

அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் பக்கத்து மேசைகளில் நின்றார்கள்.

"எங்க அண்ணன் சார். எட்டாவது வரைக்கும்தேன் படிச்சாரு. தறி நெய்யுறாரு. அவரு நெய்யுறதுலதேன் நான் இங்க நிக்கிறேன்."

கடைசி மேசைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.