பாலவாக்கத்துச் சுவரில் ஒரு முகம்

யார் கூப்பிட்டாலும் அன்வர் பாஷா நிமிர்ந்து பார்க்க மாட்டார். மோவாயை இடது தோளில் புதைத்து, புருவத்துக்குக் கீழிருந்துதான் பார்ப்பார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அவரிடம் மெத்தை தைக்கக் கொடுக்கிறவர்கள் பல வருஷமாக அதைக் கழுத்துச் சுளுக்கு என்றே நினைத்திருந்தார்கள். பாக்சிங் ஆடிய காலத்தில் தாடையைக் காப்பாற்றப் பழகியது அது. கிளவுஸைக் கழற்றிப் போட்ட பிறகும் தலை நிமிரவில்லை.

கழற்றியது மனைவி ஜஹீதாவுக்காக. ஒருநாள் புருவம் கிழிந்து அவர் வீடு வந்தபோது, "உன் மூஞ்சியத் தொடச்சிக்கினே இருக்க என்னால ஆவாதுய்யா" என்று சொல்லிவிட்டு, பாலவாக்கத்திலிருக்கும் அண்ணன் கலீமுல்லா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மாதமே அவர் பாக்சிங்கை விட்டார். விட்டதைப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. காதில் விழுந்தால் தானே வருவாள் என்று இருந்தார். விழுந்தது, வரவில்லை. பிள்ளைகளும் இல்லாத வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இப்படியே ஆறு வருஷம் போனது. தொண்ணூற்று நாலில் கொட்டிவாக்கத்து நெடுஞ்செழியன் வந்தார். அந்தக் காலத்தில் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டவர்கள்.

"பாய், அடையாறு கிரவுண்டுல ஷோ வெக்கிறாங்கோ. நாம ரெண்டு பேரும் கடைசியா ஒரு தபா ஏறலாமா?"

"உனுக்கு தொப்ப கீது, எனுக்கு மூச்சு இல்ல. எவன் பாக்க வருவான்?"

"சிரிக்கவாவது வருவான் நைனா."

அன்வர் பாஷா பஞ்சு அடித்தபடியே யோசித்தார். முன்பெல்லாம் ஆட்ட நாளில் ஜஹீதா தகரத் தடுப்புக்கு வெளியே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவாள். இப்போது தெரிந்தால் தடுக்கவாவது வருவாள் என்று தோன்றியது. சரி என்றார்.

ஆளுக்கொரு போஸ்டர் அச்சாயிற்று. மேலே பழைய போட்டோவும் பேரும், கீழே ஆட்டமும் நாளும் இடமும். கறுப்பு மை மட்டும்தான். எடுப்பாக இருக்கட்டுமென்று நாலு பக்கமும் பட்டையாகக் கோடு போட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி அன்வர் பாஷா ஒன்றை எடுத்துக்கொண்டு தானே பாலவாக்கம் போனார். கலீமுல்லா வீட்டு எதிர்ச் சுவரில் ஒட்டினார். பிய்ந்துவிடக் கூடாதென்று கீழ்ப்பாதியில் மைதாப் பசையை அள்ளி அப்பினார். வீட்டுக்குள் போகாமலே திரும்பினார்.

ஆட்ட நாள் காலையில் அவர் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. தொப்பி போட்டுக்கொண்டு கலீமுல்லா இறங்கினான். பின்னால் ஜஹீதா, அழுது வீங்கிய முகத்தோடு. அவரைப் பார்த்ததும் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், நீங்க மவுத் ஆயிட்டீங்கன்னு..." கலீமுல்லாவுக்கு நாக்கு குழறியது. "செவுத்துல போட்டோ, சுத்தி கறுப்பு. கீய் பாதிய மாடு தின்னுட்டுது. வேற இன்னா நெனைக்கிறது?"

அன்வர் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் ஜஹீதாவின் தாலியில்லாத வெறும் கழுத்தைக் கண்டார்.

"கருகமணி எங்க?"

"காலைலதான் கயட்னேன்."

இத்தனை வருஷமும் அதைப் போட்டிருந்திருக்கிறாள். அவர் கயிற்றைக் கீழே போட்டார்.

"நீ வேணாம்னா இன்னிக்கி நான் ஏறல ஜஹீதா."

"விட்டுட்டேன்னு நீயா வந்து சொல்லுவேன்னு வாசலப் பாத்துக்கினே இருந்தேன். போஸ்டர் ஒட்ட அதே தெருவுக்கு வந்துக்கீற. ஒரு குரல் குடுக்கல." அவள் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தாள். "நான் மய்யித்தப் பாக்க வந்தவ. போறேன்."

இரு என்று சொல்ல நினைத்தார். சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

சாயங்காலம் அடையாறில் ஏறினார். ஜனம் முதலில் சிரித்தது, பிறகு சீட்டியடித்தது. அவர் கண் தகரத் தடுப்பின் பக்கமே போயிற்று. "எங்க பாக்குற பாய்? அடி வியுது, தெரியல?" என்று நெடுஞ்செழியன் கட்டிப் பிடித்தபடி காதில் கேட்டார். கடைசி ரவுண்டில் அன்வர் பாஷா விழுந்தார், எழுந்திருக்க அவசரப்படவில்லை. வெளியே வந்தபோது தடுப்போரம் யாரும் இல்லை.

ஜஹீதா பாலவாக்கத்தில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அன்வர் பாஷா மயிலாப்பூரில் மெத்தை தைக்கிறார். தலாக் ஆகவில்லை. அவர் இன்னும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.