கேட்டடிப் பெஞ்சில் இருந்த டப்பா

அந்த எவர்சில்வர் டப்பாவை வாங்கி வைத்தது நான்தான். உள்ளே மூன்று அறை. பாக்கு ஒன்றில், சுண்ணாம்பு ஒன்றில், புகையிலை ஒன்றில். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை. ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இருக்கிற எங்கள் பட்டாசுக் கம்பெனியில், வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப்பையையும் மடியையும் தடவிப் பார்த்து பீடி, தீப்பெட்டியை வாசல் கேட்டடியிலேயே வாங்கி வைத்துவிடுவோம். அந்தப் பெஞ்சின் மேல்தான் டப்பா இருந்தது. பீடியைக் கொடுத்துவிட்டு வெறும் வாயோடு உள்ளே போகிறவன் மறுநாள் ஒளித்துக் கொண்டுவருவான். அதற்குப் பதிலாக நெருப்பில்லாத ஒன்றை நாமே கொடுத்துவிட வேண்டும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, என் சொந்த மூளை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. லேபிள் ஒட்டப் போய், வெடிமருந்து செலுத்தக் கற்று, லைசென்ஸ் எடுத்து, பட்டாசு செய்ய நாற்பது ரூம் கட்டியவன். பெருமைக்குச் சொல்கிறான் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டில் போட்டோவுக்கு மாலை விழுந்திருக்கிறது. என் கம்பெனியில் ஒரு பொறி விழுந்ததில்லை. சோதனைக்கு வரும் ஆபீசர்கள், “எப்படிய்யா சமாளிக்கிறீங்க?” என்று கேட்டால் அந்த டப்பாவைத்தான் காட்டுவேன்.

டப்பாவில் முதலில் கை வைத்தவர் எங்கள் போர்மேன். அச்சங்குளத்துக்காரர், வேலைக்குச் சேர வந்தபோது வாயில் பீடி. “இது இல்லாம எனக்குக் கையே ஓடாது மொதலாளி” என்றார். நானே வெற்றிலை மடித்து, புகையிலை கிள்ளி வைத்துக் கொடுத்தேன். “இத ஒதுக்கிக்கிடும், ஓடும்” என்றேன். அன்றைக்கு விட்ட பீடியை அவர் திரும்பத் தொடவே இல்லை. விடிந்ததும் ரூம் ரூமாகப் போய், நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா, தரையில் மருந்து சிந்திக் கிடக்கிறதா என்று பார்ப்பார். இடது கன்னம் எந்நேரமும் புடைத்திருக்கும். யாரையாவது திட்டுவதற்கு முன்னால் புகையிலையை வலது கன்னத்துக்குத் தள்ளுவார். கன்னம் மாறுவதைப் பார்த்தாலே பெண்கள், “ஏட்டி, வருது வருது” என்று குனிந்துகொள்வார்கள்.

சாயங்கால டீக்குச் சாத்தூர் காராச்சேவு இல்லாமல் அவருக்கு ஆகாது. ஒரு சித்திரையில் சேவுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“எரியுது மொதலாளி.”

“எனக்கு ஒண்ணும் எரியலயே. உமக்கு வயசாயிருச்சு, இனி பால்சோறுதான்.”

அவரும் சிரித்தார். முன்பு போல வாய் விரியவில்லை. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அந்த ஆடியில், ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில், பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன பிரஷ்ஷால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுத்து, சதையை வெட்டாமலே புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர்கள் ஆராய்ச்சியாம். நெருப்புக்குப் பயந்து பீடியை விட்ட ஊர்களில் ஜனங்கள் எவ்வளவு புகையிலை மெல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டுமாம். ஆளுக்குப் பத்து நிமிஷம் கேட்டார். “தீபாவளி லோடு ஏறட்டும்மா. பெறகு கம்பெனி மொத்தத்தையும் வாயத் திறக்கச் சொல்லுதேன்” என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே போகிறவர், கேட்டடியில் நின்ற போர்மேனிடம் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நுழைக்கச் சொன்னார். இரண்டு விரலே பல்லில் இடித்தது. காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர் என்னிடம் வேகமாகத் திரும்பி வந்தார்.

“ஐயா, மத்தவங்க அப்புறம் இருக்கட்டும். இவரை நாளைக்கே அனுப்புங்க. கன்னத்துல வெள்ளையா தடிச்சிருக்கு, நடுவுல சிவப்பா புண்ணு இருக்கு.”

பின்னாலேயே வந்த போர்மேன் முந்திக்கொண்டார். “லோடு போகட்டும் டாக்டரம்மா. நான் இல்லேன்னா இங்கன ஒருத்தனும் ஒழுங்கா இருக்க மாட்டான்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ‘போயிட்டு வாரும்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போயிருப்பார். என் சொல்லை அவர் தட்டினதே இல்லை; புகையிலை போட்டதே என் சொல்லுக்குத்தானே. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. லோடு ஏறுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து கல்லூரிக்குக் கூட்டிப்போனபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்திருந்தது. டாக்டரம்மா, “அன்னைக்கே வந்திருந்தா...” என்று ஆரம்பித்து, போர்மேன் பெண்சாதி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மதுரையில் ஆபரேஷன். இடது தாடையை எடுத்தார்கள். மாசியில் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தார். எத்தனையோ பேரைத் திட்டி அடக்கிய வாய், ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்தது.

“மொதலாளி... நான் இருந்த வரைக்கும்... ஒரு பொறி விழலை... பாத்தீகளா.”

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். பெருமையாகத்தான் சொன்னார். பங்குனியில் போய்விட்டார்.

அடுத்த ஆடியில் நானே கல்லூரிக்குப் போய் அந்த டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். சீசன் நடுவில் ரூம்களைப் பூட்டி, எல்லோரையும் வாய் திறக்கச் சொன்னேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அனுப்பிய ஒரு பெண் குணமாகி வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் பழைய ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். கேட்டடிப் பெஞ்சைப் பார்த்து, “அந்த டப்பா எங்கய்யா? அதனாலதான் உங்க கம்பெனியில ஒண்ணும் ஆகலைன்னு எல்லா இடத்துலயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார். டப்பா என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவியும் ஒரு அறையில் மட்டும் வாடை போகவில்லை.

“அதனால இல்லைங்க” என்றேன். “எங்க போர்மேன் பாத்துக்கிட்டாரு.”