ஊதிப் பார்க்கிற வேலை

மிட்டாய்த் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைப் பீப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஊதுவதுதான் அவள் வேலை. கலவை அறையிலிருந்து ஒவ்வொரு கொதிகலனின் துண்டும் ஒரு தட்டில் அவள் மேசைக்கு வரும். மென்று, ஊதி, சரி என்று அவள் சொன்ன பிறகே அது வெட்டும் இயந்திரத்துக்குப் போகும். எட்டாம் வகுப்போடு நின்றவளின் வாய்ச்சொல்லுக்காக ஒரு தொழிற்சாலையே காத்து நிற்கும். இதை யாரிடம் பேசினாலும் பேச்சுக்குள் எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவாள் பொட்டலம் சுற்றும் பிரிவில் இருந்த அவளுடைய அக்கா.

பீப்பியைப் பொறுத்தவரை சூயிங்கம்மும் பபுள்கம்மும் வேறு வேறு சாதி. இனிப்பும் வாசனையும் மேல்பூச்சுதான். உள்ளே இருக்கும் அடிப்பசையில்தான் விஷயம். சூயிங்கம்மின் பசை மெத்தென்று இருக்கும், பல் சொன்னபடி கேட்கும், இழுத்தால் அறுந்துவிடும். பபுள்கம்மின் பசை முரட்டுப் பசை. ரப்பர் போல இழுபடும், காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு தோலாக விரியும். ஆனால் இனிப்பு கரைகிறவரை மெல்ல வேண்டும், அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். பிறகு நாக்கால் முன்பல்லுக்குப் பின்னால் பரப்பி, உதட்டை வளையமாகக் குவித்து ஊத வேண்டும்.

அன்று காலை முதல் தட்டு பபுள்கம். பக்குவம் வந்ததும் ஊதினாள். 'புஸ்' என்று காற்று போனது. புதிய துண்டை எடுத்து இன்னும் நன்றாக மென்றாள். இதற்கும் 'புஸ்'தான். மூன்றாவது துண்டில் எச்சில்கூட வழிந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு பசைகளும் ஒரே வெள்ளை மூட்டையில்தான் வரும். ஓரத்தில் பச்சைக் கோடு போட்டது சூயிங்கம், சிவப்புக் கோடு போட்டது பபுள்கம். சில மாதங்களுக்கு முன்பு ஒருவர் மூட்டையை மாற்றிக் கொட்டி வேலையை இழந்திருந்தார்.

"பசை மாறிப்போச்சு சார்," என்றாள் மேலாளரிடம். "இது சூயிங்கம் பசை."

கலவைக்காரர் ஓடிவந்தார். தலையிலிருந்த வலைத்தொப்பி நழுவிக் காதில் தொங்கியது. "பாப்பா, நான் சிவப்புக் கோடு பார்த்துத்தான் கொட்டினேன். இன்னொரு தடவை ஊதிப் பாரும்மா."

"மூணு தடவை ஊதிட்டேண்ணே."

பீப்பி சொன்னால் தப்பாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேலாளர் கொதிகலனை நிறுத்தச் சொன்னார். கலவைக்காரர் மேலங்கியைக் கழற்றி மடித்து, கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் வைத்துவிட்டுப் போனார். பீப்பி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தேநீர் இடைவேளையில் குடித்த தேநீர் அவள் இடது கடைவாயில் ஒழுகிச் சட்டையில் கொட்டியது.

"சின்னப் பிள்ளையாடி நீ?" என்று கைக்குட்டையை நீட்டிய அக்கா, நீட்டியபடியே நின்றுவிட்டாள். "ஏய். என்னைப் பாரு. சிரி."

"எதுக்கு?"

"சிரிடி."

பீப்பி சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

அவர்களுடைய அம்மாவும் இப்படித்தான், ஒரு காலையில் கையிலிருந்த டம்ளரை நழுவவிட்டு, வாய் கோணி, மறுநாள் போய்ச் சேர்ந்தார். அந்த நோயின் பெயரை அக்காவும் தங்கையும் வீட்டில் சொல்வதே இல்லை.

"ரெண்டு கையையும் தூக்கு," என்றாள் அக்கா. தூக்கினாள். "என் பேரைச் சொல்லு." சொன்னாள். உதடு சேர வேண்டிய இடத்தில் காற்று ஒழுகியது.

மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவில் பீப்பி மடியில் வைத்த இடது கையைத் திறந்து திறந்து மூடினாள். இப்போது மூடுகிறது. அடுத்த முறை மூடுமா? இடது கண்ணில் தூசி விழுந்தது. இமைக்கப் பார்த்தாள், இமை இறங்கவில்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்தவளுக்கு இப்போது கண் மூடாததுதான் பயமாக இருந்தது.

"அக்கா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"வாயை மூடு."

"அதான் மூட முடியலையே."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது. வலி தெரிகிறதே என்று பீப்பிக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

டாக்டர் இளவயதுப் பெண். கை, கால், நாக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "புருவத்தை உயர்த்துங்க," என்றார். வலது புருவம் ஏறியது. இடது நெற்றி வழவழவென்று அப்படியே கிடந்தது.

அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. டாக்டரின் முகமோ தெளிந்தது.

"பயப்படாதீங்க. மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெற்றி அசையும். இது முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை தரேன், மூடாத கண்ணுக்குக் கட்டும் போட்டுவிடுறேன். நிறையப் பேருக்குச் சில வாரத்துல சரியாகிடும்."

"எல்லாருக்குமா டாக்டர்?" என்றாள் பீப்பி.

"நிறையப் பேருக்கு," என்றார் டாக்டர் மறுபடியும். பிறகு கேட்டார், "சாப்பிட முடியுதா?"

"மென்னு சாப்பிட முடியுது. ஊதத்தான் வரல."

"மெல்றதுக்கு வேற நரம்பு. அது நல்லா இருக்கு. உதட்டைக் குவிக்கிற நரம்புதான் இப்பப் படுத்துக்கிச்சு."

பீப்பி சட்டென்று எழுந்து நின்றாள். மருந்துச் சீட்டு தரையில் விழுந்தது. நன்றாக மெல்ல முடிந்ததால்தான் வாயின்மேல் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. பசைதான் கெட்டது என்று சொல்லிவிட்டாள்.

"கலவை அண்ணன் வீட்டுக்குப் போகணும்," என்றாள்.

"கண்ணுல கட்டோட எங்கேயும் போக வேணாம். போன் பண்ணலாம்," என்றாள் அக்கா.

"போன்ல நான் பேசுறது அவருக்குப் புரியாது. வா."

கலவைக்காரரின் வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. கதவைத் திறந்தவரின் கண் சிவந்திருந்தது, தாடை ஒரு பக்கமாக அசைந்துகொண்டிருந்தது. பீப்பி வாயை மறைத்திருந்த கைக்குட்டையை எடுத்தாள்.

"தப்பு உங்க கலவையில இல்லண்ணே. என் வாயில."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். கோபப்பட வேண்டும் என்பதே மறந்துபோனது போலிருந்தது. "ஐயையோ. என்னம்மா இது? இந்த நிலைமையில எதுக்கு வந்தே?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பினார்.

"காலையில அந்தக் கலவையில எடுத்த ரெண்டு மூணு துண்டு பையில கிடந்துச்சு. வந்ததுல இருந்து ஊதிப் பார்க்கிறேன், ஒண்ணும் வரல. அப்ப நான்தான் மூட்டையை மாத்திட்டேன்னு முடிவே பண்ணிட்டேன் பாப்பா."

"உங்களுக்கு என்னைக்குண்ணே வந்திருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி. "விசில்கூட அடிக்கத் தெரியாத மனுஷன். குடுங்க இங்க."

கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் மென்றதும் ஊதப் போனவளைப் பீப்பி கைகாட்டி நிறுத்தினாள். இனிப்பு போக வேண்டும். மூவரும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீப்பி தலையசைத்த பிறகு அவள் ஊதினாள். இளஞ்சிவப்பாக ஒரு குமிழி வெளியே வந்து, பெருத்து, மூக்கை மறைத்து, மெல்லிய தோலாகி, பட்டென்று வெடித்தது.

கலவைக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பீப்பி அக்காவின் கைப்பேசியை வாங்கி மேலாளரை அழைத்தாள். நாளை அந்த மேசையில் யார் உட்காருவார்கள், தன் உதடு என்றைக்குத் திரும்பும், திரும்பாமலே போய்விடுமோ என்ற பயம் தீரவில்லை. சரிந்த கடைவாயை விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று ஒழுக ஒழுக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"சார், காலையில வந்தது பபுள்கம்தான். வெட்ட அனுப்புங்க."