ஒரே லாகினில் இரண்டு பேர்

எங்கள் ஆபீஸ் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுக்கடையின் மாடியில். ஆபீஸ் என்றால் இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருளை எங்கள் சென்னைக் கம்பெனி தொழிற்சாலைகளுக்கும் அரிசி மில்களுக்கும் விற்கிறது. அதில் சிக்கல் வந்தால் கூப்பிடுவது எங்களைத்தான்.

எங்களை என்றால், என்னையும் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தியையும். அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். போனை அவள்தான் எடுப்பாள். தமிழ், தெலுங்கு, அரைகுறை உருது எல்லாவற்றிலும் வெளுத்து வாங்குவாள். "இன்னா சார், பில்லு போடலியா? டென்ஷன் ஆவாதீங்க, நான் இருக்கேன்ல?" என்பாள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். எனக்குப் போன் மணி கேட்டாலே எரிச்சல். அதனால் அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதி, புகாரை முடித்து வைப்பது என் வேலை. லாகின் என் பெயரில்தான். அவளுக்கென்று தனியாக ஒன்று கேட்டு வாங்க இருவருக்குமே சோம்பல்.

பிறகு ஏஐ வந்தது. முதல் நாள் அது எழுதிய பதிலைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நான் மென்று முழுங்கி எழுதுவதை டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டது. தப்பும் இல்லை, சனியன்! அப்புறம் நானும் அதை வைத்தே எழுதப் பழகிக்கொண்டேன்.

சென்னையில் புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் வீடியோ காலில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். இனி காஞ்சிபுரத்துக்கு ஓர் ஆள் போதுமாம். பழைய புகார்களையெல்லாம் ஏஐயிடம் கொடுத்து, யார் என்ன செய்தார்கள் என்று சுருக்கித் தரச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தும் காட்டினார். எல்லாம் நானே செய்ததாக இருந்தது. பொறுமை, தெளிவு, வாடிக்கையாளர் மனசைப் புரிந்துகொள்ளும் பக்குவம். என் வீட்டில் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் பெயரே அதில் இல்லை.

"நீங்களே இருங்கம்மா," என்றார் மேனேஜர்.

பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாதவள் அப்படி உட்கார்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், போன்ல பேசி சரி பண்றதெல்லாம் இவதான். நான் எழுதறதோட சரி," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எழுதறத இப்ப ஏஐ பண்ணுதேம்மா. அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

நியாயமான கேள்வி. மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகக் கூறிவிட்டு அவர் போய்விட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது, கீழே பட்டு எடுக்க வந்தவர்களின் செருப்புகளைத் தாண்டிக்கொண்டே அவள் என்மேல் பாய்ந்தாள். "உங்கள யாருக்கா வாயத் தொறக்க சொன்னது? நான் ஏனாத்தூர் காலேஜ் பக்கம் எங்கனா வேலைக்கு பூந்துக்குவேன். உங்களுக்கு இந்த வயசுல யாரு வேல குடுப்பாங்க?"

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு திமிருடி உனக்கு," என்றேன். இருவரும் சிரித்தோம். ஆனாலும் எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அவள் எடுக்காமல் அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பேசுங்கக்கா, நான் எழுதறேன். மாசம் முடியறதுக்குள்ள கத்துக்கலாம். சும்மா பயந்துக்கினு இருக்காதீங்க."

எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வணக்கம் சொன்னேன். பேசியவர் வாலாஜாபாத் மில்காரர். இத்தனை வருஷமாக அவருடைய புகார் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியவள் நான்.

"எப்பவும் பேசற பொண்ணு இல்லியா?" என்றார். "நீங்க யாரும்மா?"