மிட்டாய் அட்டையில் வந்த கண்ணையன்

ஷெட் சங்கு ஊதியதும் மண்ணெண்ணெயில் கை கழுவுவார் கண்ணையன். விரலிடுக்கில் ஒட்டிய கரி போகிறதோ இல்லையோ, ஹாக்கி மட்டையைத் தொடுமுன் இதைச் செய்தாக வேண்டும். "இன்ஜின் அழுக்கு இன்ஜினோட. மட்டைக்கு எதுக்குங்க?" என்பார்.

விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். வயது இருபத்தாறு. ரயில்வே அணிக்காக மதராஸ், பொன்மலை, பெங்களூர் என்று நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறார். தோற்றுவிட்டு வந்தால் யாரோடும் பேசமாட்டார். ஜெயித்துவிட்டு வந்தால் கேட்காதவர்களையும் பிடித்து நிறுத்தி ஆட்டம் முழுவதையும் சொல்லுவார். ஷெட்டில் சிலர் அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாகக் கேள்வி.

முதல் வருஷம், ஐம்பத்தேழில், ஒரு மிட்டாய்க் கம்பெனி ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த சிறு அட்டைகளைப் பொட்டலத்துக்குள் வைத்து விற்றது. கண்ணையனும் அதில் வந்தார். ஆனால் அச்சகத்தார் படத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டார்கள். வலப்பக்கம் ஓங்கிய மட்டை இடப்பக்கம் ஓங்கியிருந்தது. பார்த்தவர்களெல்லாம் அவரை இடக்கைக்காரர் என்றே நினைத்தார்கள்.

திண்டிவனத்தில் பெண் கேட்கப் போன அவருடைய அம்மா வீரம்மாள் அந்த அட்டையைத்தான் எடுத்துப்போனார். "தனியா போட்டோ எதுக்கு? அச்சடிச்சதே இருக்குதே!" பெண் அம்சவள்ளிக்குப் பிடித்துப்போயிற்று. அவள் அப்பா, மண்டிக்காரர் பெரியதம்பி, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பீச்சாங்கைக்காரனுக்குப் பொண்ணக் குடுத்தா ஊரே சிரிக்கும்மா."

கண்ணையன் நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்து வலக்கையால் சாப்பிட்டுக் காட்டினார். "பொண்ணு கேக்க வந்தவன் சோத்தாங்கையாலதான் சாப்புடுவான்" என்றார் பெரியதம்பி.

"நாலு வருஷம் ஓடி ஓடி ஆடினது யாருக்கும் தெரியல. அந்த அட்டைதான் தெரியுது. ஒரே பேஜாருங்க" என்று ஷெட்டில் கூட வேலை பார்க்கும் என்னிடம் புலம்பினார் கண்ணையன். "ஆனா அந்தப் பொண்ணு ஜன்னலாண்ட நின்னுக்கினு சிரிச்சுச்சு. அத வுட்டுட்டு எப்படிங்க இருக்கறது?"

போன ஞாயிறு திண்டிவனத்தில் ஆட்டம். பெரியதம்பி வேவு பார்க்கத்தான் வந்தார். முதல் பாதி முழுக்க கண்ணையனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், இடைவேளைக்குப் பிறகு பந்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எதிராளியின் மட்டை பட்டுக் கண்ணையனின் வலக்கை விரல்கள் வீங்கின. மனுஷன் வெளியே வரவில்லை. கடைசி நிமிஷத்தில் அவர் போட்ட கோலுக்குப் பெரியதம்பி எழுந்து நின்று கத்தினார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

ஆட்டம் முடிந்து வந்தவரிடம் பெரியதம்பி மடியிலிருந்து ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, எடுத்து நீட்டினார். கண்ணையன் சட்டென்று இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மடங்காத வலக்கையை வலியோடு நீட்டினார்.

பெரியதம்பி அந்த வீக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்புடுங்க மாப்ள" என்று சொல்லி, ஒளிந்திருந்த இடக்கையைத் தானே முன்னால் இழுத்து, மல்லாட்டையை ஒவ்வொன்றாக உடைத்து அந்த உள்ளங்கையில் போடத் தொடங்கினார்.