கிழக்கே பார்த்த சோலார்

எங்கள் கொல்லைக்கு சோலார் மோட்டார் வந்த வருஷம்தான் அப்பா கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தார். காவாந்தண்டலத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு கிணறும், வெண்டைக்காய் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் நிலமும்தான். அதற்கு முன்பு பக்கத்துக் கொல்லைக்காரரின் கரண்டு மோட்டாரில் தண்ணீர் கேட்டு வாங்குவோம். கரண்டு வருவது ராத்திரியில். அப்பா டார்ச்சும் மம்மட்டியுமாகப் போவார். கரண்டு போய்விட்டால் வந்து படுத்துக்கொள்வார். ஏன் படுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

சோலார் பகலில் ஓடும். பகலில் அப்பா கம்பெனி வேனில் இருப்பார். ஆக, தண்ணீர் கட்டுகிற வேலை சத்தமில்லாமல் அம்மா தலையில் விழுந்தது. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, மாட்டைப் பார்த்து, அப்புறம் வெயில் சாயும்வரை பாத்திக்குப் பாத்தி மடை மாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். மோட்டார் தானாக ஓடுகிறது, கொடுத்துவைத்தவள் என்றார்கள் ஊரில். அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வாள்.

சோலார் பலகைகள் ஒரே கம்பத்தின் மேல் இருந்தன. காலையில் கிழக்கே, உச்சிவேளையில் நேராக, சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே என்று கையால் திருப்ப வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மெலிந்து நூலாகிவிடும். அம்மா மறந்துவிடுவாள். ஊரில் யார் குழந்தை எந்தக் கிழமையில் பிறந்தது என்று சொல்லக்கூடியவள், இதை மட்டும் தினமும் மறந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாடிப்போன செடிகளைப் பார்த்துவிட்டார்.

“இன்னாமே, கடைசி பாத்திலாம் காஞ்சிக் கீது?”

“திருப்ப மறந்துட்டேன்,” என்றாள் அம்மா.

“சும்மா வர்ற வெயிலு. அத்தப் போயி வீணாக்கிக்கினு கீற.” பிறகு என்னைப் பார்த்தார். “பாப்பா, ஒனக்கு லீவுதான? நீ போயி ஞாபகப்படுத்து.”

மறுநாள் சாப்பிட்டதும் ஓடினேன். பலகைகள் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் நிழலில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. நான் முழு பலத்தையும் போட்டுப் பலகைகளை மேற்கே திருப்பினேன். குழாயில் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அம்மா விழித்தாள்.

“எம்மா, மறந்துட்ட பாரு.”

அம்மா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தாள். பிறகு முடியை அள்ளி முடிந்துகொண்டு மம்மட்டியை எடுத்தாள்.

லீவு முழுக்க நான் ஒருநாளும் தவறவில்லை. செடிகள் தேறிவிட்டன. அப்பா உத்திரமேரூரிலிருந்து எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

களைப்பாக இருந்தால் மோட்டாரை நிறுத்தியிருக்கலாமே என்று இப்போது நினைப்பேன். ஆனால் அவ்வளவு வெயிலில் நிறுத்தினால் ஊரே ஏன் என்று கேட்டிருக்கும். மறந்துபோனால் திட்டு மட்டும்தான்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டாள்.

“ஸ்கூலு எப்ப பாப்பா தொறக்கறாங்க?”

“அடுத்த வாரம்மா.”

ஏரிக்கரை வந்ததும் மறுபடியும் அதையே கேட்டாள். என்னைப் பிரிய அம்மாவுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, சனி ஞாயிறு தவறாமல் பலகையைத் திருப்பக் கொல்லைக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.